சோமமும் மோட்சமும்: ஓல்டஸ் ஹக்ஸ்லியின் வாழ்வு

நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் ஆகிய நான்கும் கூடியவிடத்தே மருத்துவம் உண்டு என வகுத்தவர் நம் வள்ளுவர். மருந்தே மருத்துவம் என மயங்குதல் எக்காலத்து மக்களுக்கும் இயல்பு. அதனை அறிந்தே போலும், அப்பெரியார் மருந்தினை நான்கனுள் ஒன்றாக மட்டும் நிறுத்தினார். இவ்வுண்மையைத் தம் வாழ்நாளெல்லாம் வேறு வழிகளிலே தேடியலைந்து, ஈற்றில் தம் மரணப்படுக்கையிலே அதற்குச் சான்றாகி நின்ற ஆங்கில எழுத்தாளர் ஒருவர் உளர். அவர் ஓல்டஸ் ஹக்ஸ்லி. அவர் வரலாற்றை இம்மலரின் வாயிலாக எடுத்துரைத்தல் நம் பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் இளைஞர்க்கும் பயன் தரும் என நம்புகின்றேன்.

இக்காலத்து உளமருத்துவ உலகிலே ஒரு விவாதம் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. மெஸ்கலின், எல்.எஸ்.டி., சைலோசைபின் என்னும் பொருள்கள் உண்டோரின் காட்சியையும் நினைவையும் காலவுணர்வையும் சில மணிநேரம் தலைகீழாக மாற்றவல்லன. இவற்றை நஞ்சென்று விலக்குவதா, மருந்தென்று ஏற்பதா என்பதே அவ்விவாதம். இவற்றைச் சுட்டும் சைக்கடெலிக் என்னும் சொல்லின் பிறப்போடும், இவற்றை மருத்துவத்தில் எங்ஙனம் பயன்படுத்தலாம் என்னும் எண்ணத்தின் பிறப்போடும் ஹக்ஸ்லியின் பெயர் பிணைந்திருக்கின்றது.

இளமையும் இழப்பும்

ஹக்ஸ்லி 1894ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26ஆம் நாள் இங்கிலாந்தின் சறே மாகாணத்திலுள்ள கொடால்மிங் என்னும் ஊரிற் பிறந்தார். டார்வினின் கொள்கைக்காக வாதாடிப் புகழ்பெற்ற உயிரியலறிஞர் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி இவருடைய பாட்டனார். தாயார் யூலியா, கவிஞர் மத்தியூ ஆர்னல்டின் தம்பி மகளார். பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை நிறுவி நடத்திய கல்விமாது. தமையனார் யூலியன் பின்னாளில் யுனெஸ்கோ நிறுவனத்தின் முதற் பணிப்பாளர் நாயகமாயினார். மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியார் அன்றூ 1963இல் மருத்துவத்துறைக்கான நோபல் பரிசு பெற்றார். இத்தகைய கல்விச் செல்வம் நிறைந்த குடியிலே தோன்றியும், ஹக்ஸ்லியின் இளமை துன்பத்தின் இளமையாகவே அமைந்தது.

அவருக்குப் பதினான்கு வயதாகிய 1908ஆம் ஆண்டில் தாயாரைப் புற்றுநோய் கவர்ந்தது. 1911இல், ஈட்டன் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த காலை, கண்ணின் கருவிழியைத் தாக்கும் நோயொன்று பற்றி அவரை ஏறக்குறையக் குருடராக்கிற்று. விரலாற் தடவி வாசிக்கும் பிறெயில் எழுத்தைக் கற்று, அதன் துணைகொண்டு நூல்களைப் பயின்றார். ஓரளவு பார்வை மீண்டபோதிலும், அது வாழ்நாள் முழுவதும் குறையுடையதாகவே இருந்தது. 1914இல் அன்புக்குரிய மற்றொரு தமையன் திரெவனன் மனநோயால் நலிந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். புற்றுநோயும் மனநோயும் தம் இல்லத்துள் வந்து செய்த கொடுமையை இருபது வயதினுள் இரு முறை கண்டவர் அவர்.

வைத்தியராதல் வேண்டும் என்பதே அவர் இளமையிற் கொண்ட அவா. கண் நோய் அதற்குத் தடையாயிற்று. நுணுக்குக்காட்டியிற் பார்க்கவும் கத்தி பிடிக்கவும் இயலாதவர் வைத்தியராதல் எங்ஙனம்? ஆகவே ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து ஆங்கில இலக்கியம் கற்று, 1916இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். சிலகாலம் தாம் கற்ற ஈட்டன் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் கடமை புரிந்தார். ஜோர்ஜ் ஓர்வெல் என்னும் புனைபெயராற் பின்னர் உலகறிந்த எழுத்தாளர் அங்கு இவரிடம் பயின்ற மாணாக்கருள் ஒருவர். ஆசிரியரின் பார்வைக் குறையைப் பயன்படுத்திக் குறும்பு செய்த மாணாக்கரும் இருந்தனராம். வகுப்பை அடக்கியாளும் வன்மை இவருக்கு வாய்க்கவில்லை. ஆசிரியத் தொழிலை விட்டு எழுத்துத் தொழிலை மேற்கொண்டார். 1919இல் பெல்ஜிய நாட்டு மங்கை மரியா நீஸ் என்பாரை மணந்தார். அவ்வம்மையார் கணவரின் கண்ணாகவே வாழ்ந்து, நூல்களை வாசித்துக் காட்டியும், கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சிற் பொறித்தும், வண்டி செலுத்தியும் முப்பத்தைந்து ஆண்டுகள் துணைநின்றார்.

சோமம் என்னும் சங்கிலி

1932இல் வெளியான புதின நூலொன்று ஹக்ஸ்லியின் பெயரை உலகெங்கும் பரப்பிற்று. துணிவு மிக்க புதிய உலகம் எனப் பொருள்படும் பெயருடைய அந்நூல், வருங்கால அரசு ஒன்றினைக் கற்பனை செய்கின்றது. அங்கே நோயில்லை, வறுமையில்லை, துயரும் இல்லை. துயர் தோன்றும்போதெல்லாம் அரசு வழங்கும் மாத்திரையொன்றைக் குடிகள் விழுங்கி விடுவர். அம்மாத்திரைக்கு ஹக்ஸ்லி இட்ட பெயர் சோமம். வேள்விக் களத்திலே இருடிகள் போற்றிய சோமத்தின் பெயரை, மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் மாத்திரை ஒன்றற்கு அவர் சூட்டினார். கலகம் நிகழுமிடத்துக் காவலர் சோமப் புகையைத் தூவிக் கூட்டத்தை அடக்குவர்.

அந்நூலிலே ஒரு மரணக் காட்சி உண்டு. லிண்டா என்னும் பெண்ணொருத்தி, சாகின்றவர்களுக்கென அமைந்த வைத்தியசாலையிலே, சோமத்தின் மயக்கத்தில், தன் மகனையும் சரிவர அறியாதவளாய் இறக்கின்றாள். பணியாளர் அவளுக்கு மருந்தைக் குறைவின்றிக் கொடுக்கின்றனர். ஆயின் அன்போடு அருகிருப்பார் மகனையன்றி ஒருவரும் இலர். அவனது அழுகை மரணத்தைப் பொருட்படுத்தாதிருக்கப் பழக்கப்படும் சிறுவரின் பயிற்சியைக் கெடுத்துவிடும் எனத் தாதி அஞ்சுகின்றாள். மருந்து ஒன்றுமட்டும் நின்று, ஏனைய மூன்றும் நீங்கிய மருத்துவம் யாதாய் முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சித்திரம் காண்டல் அரிது.

வேதாந்தமும் மெஸ்கலினும்

1937இல் ஹக்ஸ்லி ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, கலிபோணியாவிலே வாழலாயினார். அங்கே இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியான சுவாமி பிரபவானந்தரின் தொடர்பு கிட்டியது. இராமகிருஷ்ண பரமஹம்சரின் அமுதமொழிகளின் ஆங்கிலப் பெயர்ப்பிற்கும், பிரபவானந்தரும் இஷர்வூட்டும் செய்த கீதை மொழிபெயர்ப்பிற்கும் முன்னுரைகள் வழங்கினார். பல சமயத்து ஞானியரின் கருத்துக்களைத் தொகுத்து 1945இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். தியானம் பயின்றார், ஆயின் ஞானியர் கூறும் காட்சி தமக்குக் கிட்டவில்லை என்ற ஏக்கம் அவரை விட்டகலவில்லை.

இக்காலத்தே கனடா நாட்டின் சஸ்கச்சுவன் மாகாணத்திலுள்ள வெய்பேண் மனநோய் வைத்தியசாலையிலே ஹம்பிரி ஒஸ்மண்ட் என்னும் ஆங்கில வைத்தியர் கடமையாற்றினார். மெஸ்கலின் என்பது மெக்சிக்கோ நாட்டுப் பயோட்டி என்னும் கள்ளியிலிருந்து ஹெப்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1897இல் பிரித்தெடுத்த பொருள். அதனை உண்டவர் அடையும் நிலை சித்தப்பிரமை நோயாளரின் நிலையை ஓரளவு ஒத்திருத்தலின், அந்நோயின் காரணத்தை அதன் வழியே அறியலாம் என ஒஸ்மண்ட் கருதினார். அவர் எழுதிய கட்டுரையைக் கண்ட ஹக்ஸ்லி அவருக்குக் கடிதம் வரைந்தார். 1953ஆம் ஆண்டு மே மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கூடிய உளமருத்துவர் மகாநாட்டுக்கு வந்த ஒஸ்மண்ட், ஹக்ஸ்லியின் இல்லத்திலேயே தங்கினார். அங்கே அவரது மேற்பார்வையில், பத்தில் நான்கு கிராம் மெஸ்கலினை நீரிற் கரைத்து ஹக்ஸ்லி அருந்தினார். பேரெழுத்தாளர் ஒருவரைப் பித்தராக்கியவன் என்னும் பழி தமக்கு வந்துவிடுமோ என வைத்தியர் உள்ளூர அஞ்சினாராம்.

அத்தகைய தீங்கொன்றும் நேரவில்லை. பூச்சாடியில் இருந்த மூன்று மலர்கள், உடையின் மடிப்புகள், நாற்காலியின் கால்கள் யாவும் முன்னொருபோதும் கண்டிராத ஒளியோடு தோன்றின. இளமை முதற் பார்வைக் குறையால் வருந்திய ஒருவருக்கு இக்காட்சி எத்துணைப் பெரிதாய் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்தறியலாம். அவ்வனுபவத்தை 1954இல் ஒரு சிறுநூலாக வெளியிட்டார். அந்நூல் பெரும் வாதத்தை எழுப்பிற்று. ஒக்ஸ்போட் பேராசிரியர் சேனர் அதனை மறுத்து 1957இல் நூல் எழுதினார். தவத்தால் வருவது வேறு, மருந்தால் வருவது வேறு என்பதே பிரபவானந்தரின் நிலையுமாயிற்று. இம்மறுப்பு நியாயமற்றதன்று. ஹக்ஸ்லி புதுமைகளை எளிதில் நம்பிவிடும் இயல்பினர். கண்ணாடியின்றிப் பார்வையைச் சீராக்கும் பயிற்சி ஒன்றைப் புகழ்ந்து அவர் 1942இல் எழுதிய நூலைக் கண் வைத்தியர்கள் ஏற்கவில்லை. அவர் கூறியவற்றுள் எது நிலைத்தது என்பதைப் பின்வந்த பரிசோதனைகளைக் கொண்டே துணிதல் வேண்டும்.

ஒரு சொல்லின் பிறப்பு

இவ்வகை மருந்துகளுக்கு அக்காலத்து வைத்தியர் பித்துண்டாக்கிகள் எனப் பொருள்படும் பெயர்களையே வழங்கினர். அப்பெயர் பொருந்தாது எனக் கண்ட ஹக்ஸ்லியும் ஒஸ்மண்டும் 1956இல் தம்முட் கடிதம் வாயிலாகப் புதுச்சொல் தேடினர். ஹக்ஸ்லி கிரேக்க மொழியிலிருந்து ஒரு சொல்லை ஆக்கி அனுப்பினார். அது நாவிற் படியவில்லை. ஒஸ்மண்டோ உள்ளத்தை வெளிப்படுத்துவது என்னும் பொருள்பட, அதே கிரேக்க மொழியிலிருந்து சைக்கடெலிக் என்னும் சொல்லை ஆக்கினார். 1957இல் அறிஞர் சபையில் அது வெளியிடப்பட்டு நிலைபெற்றது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள நம்மனோர்க்கு இது ஒரு பாடம். பொருளுக்கு இடும் பெயரே அதனைப் பற்றிய எண்ணத்தையும் வகுத்துவிடுகின்றது.

ஒஸ்மண்டும் அவருடைய துணைவர் ஹொபரும் மதுவுக்கு அடிமையானோருக்கு எல்.எஸ்.டி. கொடுத்துச் சிகிச்சை செய்தனர். குடிவெறியின் முடிவிலே வரும் கொடிய நடுக்கத்தை முன்கூட்டியே காட்டி அச்சுறுத்துவதே அவர்களின் முதல் நோக்கம். ஆயின் அச்சமுற்றவரினும், தம் வாழ்வைப் புதுக்கண்கொண்டு நோக்கியவரே குடியை விட்டனர் என்பதை அவர்கள் கண்டனர். அக்காலத்துப் பரிசோதனைகள் பல ஒப்பீடின்றி நடந்தவையாதலின் ஐயத்துக்கு இடமாயின. எனினும், ஒப்பீட்டு முறையில் அமைந்த ஆறு பழைய பரிசோதனைகளை, 536 நோயாளரின் விவரங்களோடு, 2012இல் இரு ஆய்வாளர் ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர். எல்.எஸ்.டி. பெற்றவருள் நூற்றுக்கு 59 பேரும், பெறாதவருள் 38 பேரும் திருந்தினர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இரு மரணங்களும் ஒரு நூலும்

1955ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மரியா அம்மையார் புற்றுநோயால் மறைந்தார். அம்மருந்தெதுவும் அப்போது கொடுக்கப்படவில்லை. ஹக்ஸ்லி அவர் அருகமர்ந்து, தலையில் கைவைத்து, அச்சத்தை விடுத்து ஒளியை நோக்கிச் செல்லுமாறு மெல்லிய குரலில் ஈற்றுவரை சொல்லிக்கொண்டே இருந்தார். தாயார் இறந்தபோது ஏதும் செய்யவறியாச் சிறுவனாய் நின்றவர், மனைவியார் இறக்கும்போது அருகிருந்து பேணுவோனாய் அமர்ந்தார். 1958இல் ஒஸ்மண்டுக்கு எழுதிய கடிதத்திலே, குணமாதற்கில்லாத புற்றுநோயாளருக்கு எல்.எஸ்.டி. கொடுத்து, மரணத்தை ஆன்மிக நிகழ்ச்சியாக்க முயலலாமே என்னும் யோசனையை முன்வைத்தார்.

1960இல் அவருக்கும் புற்றுநோய் கண்டது, நாவிலே தோன்றியது. அறுவைச் சிகிச்சை பேச்சைக் கெடுத்துவிடும் என்பதால் ரேடியச் சிகிச்சையை ஏற்றார். 1961 மே மாதத்தில் அவர் இல்லம் தீக்கிரையாயிற்று. வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் கடிதங்களும் சாம்பராயின. அத்தீயிலிருந்து மீட்கப்பட்டவற்றுள் ஒன்று, அவர் எழுதிக்கொண்டிருந்த தீவு என்னும் புதினத்தின் கையெழுத்துப் பிரதி. அந்நூல் 1962இல் வெளியாயிற்று.

பாலா என்னும் கற்பனைத் தீவிலும் ஒரு மருந்துண்டு. அதன் பெயர் மோட்சம். இளைஞர் அதனை எண்ணியபோதெல்லாம் உண்ணுதல் இல்லை. ஆபத்து மிக்க மலையேற்றம் ஒன்றை முடித்து, ஆலயத்திலே நடராசப் பெருமானின் திருவுருவின் முன்னர், மூத்தோர் சூழ இருந்து, ஒழுங்கோடு பெறுவர். அந்நூலிலும் ஒரு மரணக் காட்சி உண்டு. இலட்சுமி என்னும் முதியவள் புற்றுநோயால் இறக்கின்றாள். கணவரும் மருமகளும் அருகிருக்க, தன்னறிவோடு விடைபெறுகின்றாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் லிண்டாவை மயக்கத்திற் சாகவிட்ட அதே கரமே இக்காட்சியையும் எழுதிற்று. சோமத்துக்கும் மோட்சத்துக்கும் உள்ள வேற்றுமை அவற்றைக் கொடுக்கும் கையிலும், பெறுவோனின் ஆயத்தத்திலும், அருகிருப்போரின் அன்பிலும் பெரிதும் தங்கியிருக்கின்றது என்பது இவ்விரு நூல்களையும் ஒருங்கே கற்பவர்க்குப் புலனாகும்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், பேசும் வன்மை இழந்திருந்த ஹக்ஸ்லி, எல்.எஸ்.டி.யில் ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கினை ஊசி மூலம் ஏற்றுமாறு தாளில் எழுதிக் காட்டினார். 1956இல் அவரை மணந்திருந்த இலாரா அம்மையார், வைத்தியரின் இசைவோடு தம் கையாலேயே அதனை ஏற்றினார். சில மணிநேரம் கழித்து மீண்டும் ஒருமுறை ஏற்றினார். மரியாவுக்கு ஹக்ஸ்லி செய்தது போல, இலாராவும் அருகமர்ந்து கையைப் பற்றி மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். போராட்டம் ஏதுமின்றி மாலையில் உயிர் அடங்கிற்று. ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு மாண்ட நாளும் அதுவே ஆதலின், ஹக்ஸ்லியின் மறைவை உலகம் அன்று பெரிதும் கவனித்திலது.

பின் நிகழ்ந்தவை

ஹக்ஸ்லி இறக்குமுன்னரே ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோதி லியறி என்பார் இம்மருந்துகளை இளைஞரிடையே பரப்பத் தலைப்பட்டார். அடக்கமாகச் செயலாற்றுமாறு ஹக்ஸ்லி அவருக்கு அறிவுறுத்தியும் பயனில்லை. 1963இல் லியறி பல்கலைக்கழகத்தினின்றும் விலக்கப்பட்டார். வைத்தியர் கையை விட்டுத் தெருவுக்கு வந்த மருந்து, ஆயத்தமில்லாதோர் பலரின் மனத்தைச் சிதைத்தது. 1966 முதல் அமெரிக்காவிலே தடைச் சட்டங்கள் எழுந்தன. 1971இல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் இவற்றைக் கடுங் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. மேரிலாந்து மாநிலத்தின் ஸ்பிறிங் குரோவ் வைத்தியசாலையிலே புற்றுநோயாளரிடம் நடைபெற்ற ஆராய்ச்சியும் சில ஆண்டுகளில் ஓய்ந்தது.

ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் மூடியிருந்த கதவு மெல்லத் திறந்தது. 2016இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 51 புற்றுநோயாளருக்கும், நியூ யோர்க் பல்கலைக்கழகத்தில் 29 பேருக்கும், காளானிலிருந்து பெறப்படும் சைலோசைபின் கொடுத்துச் செய்த ஆராய்ச்சிகளின் முடிவுகள் வெளியாயின. ஹொப்கின்ஸ் ஆராய்ச்சியில் மரணபயமும் மனச்சோர்வும் ஆறு மாதங்கள் கழிந்த பின்னரும் ஏறத்தாழ ஐவரில் நால்வருக்குக் குறைந்திருந்தன. ஹக்ஸ்லி 1958இற் கடிதத்தில் எழுதிய யோசனை ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின் இங்ஙனம் பரிசோதனைக்கு வந்தது.

அச்சிகிச்சை நடைபெற்ற முறையை நோக்குமின். மருந்து கொடுப்பதற்கு முன் பலமுறை உரையாடி நோயாளியை ஆயத்தம் செய்வர். குடும்பத்திற் சித்தப்பிரமை நோய் இருந்தவர்களை விலக்குவர். மருந்துண்ட நாளில் பயிற்சி பெற்ற இருவர் ஆறு மணிநேரத்துக்கு மேலாக அருகைவிட்டகலாதிருப்பர். அதன் பின்னரும் கண்டவற்றைப் பற்றி உரையாடி வழிகாட்டுவர். வள்ளுவர் வகுத்த நான்கு கூறும் இங்கே ஒருங்கமைந்திருத்தலைக் காணலாம்.

எனினும் வெற்றி முழுமையானதன்று. தீராத மனச்சோர்வுடைய 233 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆராய்ச்சியில், 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர் மூன்றாம் வாரத்தில் நன்மை அடைந்தனர். ஆயின் பன்னிரண்டாம் வாரம்வரை அந்நன்மை நிலைத்தவர் சிலரே. தற்கொலை எண்ணம் முதலிய தீய விளைவுகளும் சிலரிடம் காணப்பட்டன. உண்டது மருந்தா வெறும் மாத்திரையா என்பதை நோயாளி உடனே உணர்ந்துவிடுதலால், நடுநிலையான பரிசோதனை நிகழ்த்துதலும் கடினம். அவுஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அதிகாரம் பெற்ற உளமருத்துவர் மட்டும் சைலோசைபினைத் தீராத மனச்சோர்வுக்கு வழங்க இசைந்தது. இவற்றோடு சேர்த்தெண்ணப்படும் எம்.டி.எம்.ஏ. என்னும் மருந்துக்கு 2024 ஓகஸ்டில் அமெரிக்க அரசின் மருந்துச் சபை அனுமதி மறுத்தது.

மாணவ நண்பர்களே, ஹக்ஸ்லியின் வரலாற்றைக் கூறியது எவரையும் அம்மருந்தின்பால் ஈர்ப்பதற்கன்று. தெருவோரத்தில் மறைவாக விற்கப்படும் மாத்திரையிலே வைத்தியரும் இல்லை, அளவும் இல்லை, அருகிருந்து பேணுவோரும் இல்லை. அது லிண்டாவை விழுங்கிய சோமம். பல குடும்பங்களின் கண்ணீருக்குக் காரணம். அதனை நம் வாயிலினுள் நுழையவிடாது காத்தல் நம் கடன்.

வைத்தியத் துறையிலே புகுந்திருக்கும் பழைய மாணவர்க்கும், இனிப் புகவிருக்கும் இளைஞர்க்கும் கூறத்தக்கது வேறொன்று. வைத்தியராக விரும்பியும் கண்ணொளி குன்றியதால் ஆகமாட்டாத ஒருவர், மரணப்படுக்கையில் இருப்போர்க்கு மருத்துவம் யாது செய்யவேண்டும் என்னும் வினாவை எழுப்பிச் சென்றார். அவ்வினாவுக்கு விடை இன்னும் முடிவாகவில்லை. விடை எதுவாயினும், நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு அருகே ஒருவர் அமர்ந்திருத்தல் அதிற் குறையாதிருக்க வேண்டும். மரியாவின் தலையில் வைத்த கையும், ஹக்ஸ்லியின் கையைப் பற்றிய கையும் நமக்கு உணர்த்துவது அதுவே. அக்கையை நீட்டுதற்குப் பட்டமும் வேண்டுவதில்லை, மருந்தும் வேண்டுவதில்லை.